ரகுநாதாச்சாரியின் விண்மீன்: ஆர் ரெட்டிகுலி

ஆர் ரெட்டிகுலி தென்வானில் உள்ள ஒரு செம்பெருமீன். ஏறக்குறைய 280 நாளுக்கு ஒருமுறை அது வீங்கிச் சுருங்குகிறது. அதனுடன் அதன் ஒளியும் ஏறி இறங்குகிறது. ஒளி ஏறி நிற்கும் வாரங்களில் சாதாரண பைனாகுலரில் அதைப் பார்த்துவிடலாம். ஒளி அடங்கிய வாரங்களில் நல்ல தொலைநோக்கியைத் திருப்பினாலும் கண்டுபிடிப்பது கடினம். கண் உணரும் ஒளியில் இந்த இரு நிலைகளுக்கும் இடையே ஏறத்தாழ ஆயிரம் மடங்கு வேறுபாடு. இப்படி ஒளி மாறும் விண்மீன் அது என்பதை 1867-ஆம் ஆண்டில் கண்டறிந்தவர் சென்னை வானாய்வகத்தில் உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி. அண்மை நூற்றாண்டுகளில் இந்தியர் ஒருவர் கண்டறிந்ததாகப் பதிவாகியிருக்கும் முதல் மாறொளி விண்மீன் அது.

ரெட்டிகுலம் மிகச் சிறிய மண்டலம். அதற்கு இந்தியப் பழம்பெயர் எதுவும் இல்லை; புராணக் கதையும் இல்லை. 1751, 1752 ஆண்டுகளில் ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையில் தங்கித் தென்வானை அளந்த பிரெஞ்சு வானியலாளர் லக்காய், தம் தொலைநோக்கியின் கண்ணாடிக்குள் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டியிருந்த மெல்லிய இழைகளின் நினைவாக அந்தப் பெயரை இட்டார். இழைகளால் ஆன சிறு வலை என்பது அதன் பொருள். விண்மீன்களின் இடத்தைத் துல்லியமாகக் குறிக்க உதவிய கருவியுறுப்பு அது. சென்னையில் ரகுநாதாச்சாரி இரவுதோறும் கண் வைத்திருந்ததும் அத்தகைய இழைகளின் மேல்தான்.

தாமிரபரணிக் கரையில் உள்ள ஸ்ரீவைகுண்டத்திலிருந்து பார்ப்பவருக்கு இந்த விண்மீன் எங்கே நிற்கும் என்பதைக் கணக்கிட்டுச் சொல்லலாம். ஊர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 8.6 பாகையில் உள்ளது. விண்மீன் வான நடுக்கோட்டுக்குத் தெற்கே 63 பாகையில் உள்ளது. ஆகவே அது வடக்கு தெற்காகத் தலைக்கு மேலே ஓடும் உச்சிவட்டத்தைக் கடக்கும்போது தெற்கு அடிவானிலிருந்து சுமார் 18 பாகை உயரத்தில் இருக்கும். கையை முன்னே நீட்டி விரல்களை விரித்தால் ஒரு சாண் ஏறத்தாழ 20 பாகையை மறைக்கும். அதற்குச் சற்றுக் குறைந்த உயரம். பொங்கலை ஒட்டிய நாள்களில் இரவு ஒன்பது மணி வாக்கில் தாமிரபரணியின் வடகரையில் ஆற்றைப் பார்த்து நின்றால், தென்கிழக்கே வெண்மையாகச் சுடர்வது அகத்திய மீன். அந்த ஆறு பிறக்கும் பொதிகைக்கும் அதே முனிவரின் பெயர்தான் வழங்குகிறது. தென்மேற்கே தனியாக நிற்பது ஆச்செர்னார். இரண்டுக்கும் நடுவே, பெரிய விண்மீன் எதுவும் இல்லாததுபோல் தோன்றும் இருண்ட பகுதியில்தான் ரெட்டிகுலம் உள்ளது. அதன் முதல் மீனான ஆல்ஃபாவை இருண்ட இரவில் வெறுங்கண்ணால் காணலாம். அதிலிருந்து கிழக்கே இரண்டு பாகை தள்ளி ஆர் ரெட்டிகுலி.

சென்னையில் இதே விண்மீன் 14 பாகைக்கு மேல் ஏறாது. ஒரு நாளில் எட்டரை மணி நேரத்துக்கும் குறைவாகவே அடிவானத்துக்கு மேலே இருக்கும். காசியில் அடிவானத்தைத் தொட்டுவிட்டு இறங்கிவிடும். தில்லியில் எழுவதே இல்லை. லண்டன், பாரிஸ், பெர்லின் நகரங்களின் பெரிய தொலைநோக்கிகள் எதற்கும் அது எக்காலத்திலும் எட்டாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தென்வானை முறையாக அளந்த ஆய்வகங்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. சென்னை அவற்றில் ஒன்று. அந்த நூற்றாண்டு வானியலில் தமிழ்நாட்டுக்கு வாய்த்த பெரும் பேறு அது நிலநடுக்கோட்டுக்கு அருகே இருந்ததுதான் என்று சொன்னால் மிகையாகாது. இங்கிருந்து வடவானும் தெரியும், தென்வானின் பெரும்பகுதியும் தெரியும்.

ஆர் ரெட்டிகுலி எந்த இனத்தைச் சேர்ந்ததோ, அந்த இனத்துக்குப் பெயர் தந்தது திமிங்கில மண்டலத்தில் உள்ள மீரா. லத்தீனில் வியப்புக்குரியது என்று பொருள். நம் மீராபாயின் பெயரோடு ஒத்திருப்பது தற்செயல். 1596 ஆகஸ்டில் ஃப்ரீசியா நாட்டுப் போதகர் டேவிட் ஃபாப்ரீசியஸ் அதைக் கண்டார். சில வாரங்களில் மங்கி மறைந்துபோனதால், எப்போதோ ஒருமுறை தோன்றி மறையும் புதுமீன் என்று எண்ணிவிட்டார். 1609-இல் அதே இடத்தில் அதை மறுபடியும் கண்டார். 1638-இல் ஹோல்வார்டா என்ற டச்சு அறிஞர், அது மறைந்து மறைந்து திரும்பி வருவது என்று உணர்ந்தார். 1662-இல் ஹெவேலியஸ் தம் நூலில் அதை வியப்புக்குரிய மீன் என்று அழைக்க, மீரா என்ற பெயர் நிலைத்தது. 1667-இல் பூயோ என்ற பிரெஞ்சு வானியலாளர் அதன் சுற்றுக்காலம் 333 நாள் என்று கணக்கிட்டார். இன்றைய மதிப்பு 332 நாள். வான்பொருள்கள் மாறாதவை, அழியாதவை என்று அரிஸ்டாட்டில் காலந்தொட்டு நிலவிய நம்பிக்கையை அசைத்தவற்றில் இந்த ஒரு விண்மீனுக்குப் பெரிய பங்கு உண்டு.

மீராவின் சுற்றுக்காலம் ஏறத்தாழ பதினோரு மாதம். எனவே அது உச்ச ஒளி அடையும் நாள் ஆண்டுதோறும் ஒரு மாதம் முன்னே நகரும். சித்திரை, வைகாசியில் சூரியன் அந்தப் பக்கம் இருப்பதால், உச்சம் அந்த மாதங்களில் வந்து விழும் ஆண்டுகளில் யாரும் அதைப் பார்க்க முடியாது. பழங்கால நோக்கர்கள் அதைத் தவறவிட்டதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆர் ரெட்டிகுலியின் உச்சமோ ஆண்டுக்கு ஏறக்குறைய மூன்று மாதம் முன்னே நகர்கிறது. தமிழ்நாட்டில் அதை மாலை வேளையில் காண மார்கழி முதல் மாசி வரையிலான மாதங்களே வசதியானவை. ஆக, ஓர் உச்சம் நன்றாகத் தெரிந்தால் அடுத்தது தெரியாமல் போகலாம். அதற்கடுத்தது விடியற்காலையில் வரலாம். இப்படிப்பட்ட விண்மீனை ஓர் இரவுப் பார்வையிலோ ஒரு மாதப் பார்வையிலோ கண்டுபிடிக்க வழியில்லை. பழைய குறிப்பேட்டுப் பக்கத்தையும் இன்றைய பக்கத்தையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கிறவருக்கே அது பிடிபடும்.

சென்னை வானாய்வகத்தில் இருந்தது அந்தக் குறிப்பேட்டு மரபு. 1786-இல் வில்லியம் பெட்ரி என்ற கம்பெனி அதிகாரி தம் சொந்த முயற்சியில் தொடங்கியது, 1792-இல் நுங்கம்பாக்கத்தில் அரசு ஆய்வகமாக நிலைபெற்றது. கருவியைத் தாங்குவதற்காக நட்ட கருங்கல் தூண், தமிழ் உள்ளிட்ட மொழிகளில் பொறித்த எழுத்தோடு, இன்றைய வானிலை ஆய்வு மைய வளாகத்தில் நிற்கிறது. மழை அளவுக்காக அந்த அலுவலகத்தின் பெயரை நாள்தோறும் கேட்கிறவர்களில் பலரும் அந்தத் தூணைப் பார்த்ததில்லை. பார்க்க வேண்டும். 1861-இல் நார்மன் போக்சன் ஆய்வகத் தலைவராக வந்தார். 1891-இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். அவர் காலத்தில் 1862 முதல் ஒரு புதிய உச்சிவட்டக் கருவி இயங்கியது. அதைக் கொண்டு ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட விண்மீன்களின் இடங்களைக் குறித்தார்கள். அந்தப் பட்டியல் பின்னர் பல தொகுதிகளாக வெளிவந்தது.

உச்சிவட்டக் கருவி வானம் முழுவதும் திரும்பும் தொலைநோக்கி அல்ல. கிழக்கு மேற்காகக் கிடக்கும் அச்சில் பூட்டியிருப்பதால் வடக்குத் தெற்காக மட்டுமே மேலும் கீழும் ஆடும். விண்மீன் தானாக வந்து உச்சிவட்டத்தைக் கடக்கும்வரை நோக்கர் காத்திருப்பார். கண்ணாடிக்குள் செங்குத்தான இழைகள் வரிசையாக நிற்கும். விண்மீன் ஒரு பக்கம் நுழைந்து ஒவ்வோர் இழையாகக் கடந்து போகும். பக்கத்தில் கடிகாரம் நொடிகளை ஒலிக்கும். கண் இழையில், காது கடிகாரத்தில். ஓர் ஒலிக்கும் அடுத்த ஒலிக்கும் இடையில் எந்தப் பத்தில் ஒரு பங்கில் மீன் இழையைத் தொட்டது என்பதை மனத்தாலேயே பிரித்துச் சொல்ல வேண்டும். இதில் ஆளுக்கு ஆள் சிறு பிழை வரும். ஒருவர் எப்போதும் சற்று முந்துவார், இன்னொருவர் எப்போதும் சற்றுப் பிந்துவார். அந்தத் தனியாள் பிழையை அளப்பது எப்படி என்பது குறித்து, சூரியனின் பிம்பத்தைத் திரையில் விழச்செய்து பார்க்கும் ஒரு முறையை விளக்கி, 1859-இல் ரகுநாதாச்சாரி எழுதிய கட்டுரை லண்டன் ராயல் வானியல் கழகத்தின் மாத இதழில் வெளிவந்தது.

இடத்தையும் நேரத்தையும் குறித்தபின் நோக்கர் ஒரு சிறு எண்ணையும் சேர்த்து எழுதுவார்: அன்றைய ஒளித்தரம். வேலையின் நோக்கம் இடத்தைக் குறிப்பதுதான், ஒளித்தரம் துணைக்குறிப்பு. ஆனால் அதே மீனை அடுத்த முறை நோக்கும்போது அந்தத் துணைக்குறிப்பு ஒவ்வாமல் போனால், முந்தைய குறிப்பு தவறாக இருக்கலாம், மெல்லிய மேகம் குறுக்கே வந்திருக்கலாம், அல்லது விண்மீனே மாறியிருக்கலாம். முதல் இரண்டையும் ஒதுக்கித் தள்ளி மூன்றாவதை நிலைநாட்டப் பொறுமையும் தன் கண் மேல் நியாயமான நம்பிக்கையும் வேண்டும். ரகுநாதாச்சாரி த்ருக்கணித முறையில் பஞ்சாங்கம் கணித்து வெளியிட்டவர். த்ருக் என்றால் பார்வை. பழைய வாய்பாட்டின் விடை, வானில் கண்ணால் காண்பதோடு ஒத்துவராவிட்டால் திருத்த வேண்டியது வாய்பாட்டையே என்பது அந்த முறையின் அடிப்படை. ஆர் ரெட்டிகுலியில் அவர் செய்ததும் இதுவே.

பெயரில் உள்ள ஆர் என்ற எழுத்துக்கு ஒரு முறை உண்டு. ஜெர்மன் வானியலாளர் ஆர்கெலாண்டர் வகுத்த வழக்கப்படி, ஒரு மண்டலத்தில் முன்பே பெயர் பெறாத மாறொளி மீன்களில் முதலாவதற்கு ஆர், அடுத்ததற்கு எஸ் என்று எழுத்துகள் ஓடும். ஆகவே ஆர் ரெட்டிகுலி என்ற பெயரே, அந்த மண்டலத்தில் அம்முறைப்படி பெயர் பெற்ற முதல் மாறொளி மீன் அது என்பதைச் சொல்லிவிடுகிறது.

ஆர் ரெட்டிகுலியைக் கண்டறிந்ததற்கு அடுத்த ஆண்டு, 1868 ஆகஸ்ட் 18 அன்று, இந்தியாவின் குறுக்கே முழுச் சூரிய கிரகணம் ஓடியது. போக்சன் மசூலிப்பட்டினத்துக்குப் போனார். ரகுநாதாச்சாரி நிஜாம் சீமையின் வனபர்த்தியில் நோக்கினார். அந்தக் கிரகணத்தில் சூரிய விளிம்பின் நிறமாலையில் பலர் கண்ட மஞ்சள் கோடு, அதுவரை அறியாத ஒரு தனிமத்துக்கு உரியது என்று பின்னர் தெரிந்தது. சூரியனுக்குரிய கிரேக்கச் சொல்லால் அதற்கு ஹீலியம் என்று பெயரிட்டார்கள். ஆர் ரெட்டிகுலி போன்ற விண்மீன்களின் வயிற்றில் என்ன நடக்கிறது என்பதற்கான விடையில் அந்தத் தனிமம் நடுநாயகமாக இருக்கும் என்பதை அன்று யாரும் எண்ணியிருக்க முடியாது.

ரகுநாதாச்சாரி 1872-இல் ராயல் வானியல் கழகத்தின் உறுப்பினரானார். 1874 டிசம்பர் 9-இல் வெள்ளி சூரியனைக் கடந்ததை ஒட்டி, அது என்ன நிகழ்வு என்பதைச் சித்தாந்தி ஒருவரின் உரையாடலாக விளக்கும் சிறுநூலை எழுதிக் கன்னடம், உருது முதலிய மொழிகளிலும் கிடைக்கச் செய்தார். 1878-இல் சீஃபியஸ் மண்டலத்தில் இன்னொரு மாறொளி மீனைக் கண்டதாகவும் அவர் பெயரில் பதிவு உண்டு. அந்த மாற்றம் பிற்கால நோக்குகளில் உறுதிப்படவில்லை. ஆர் ரெட்டிகுலியைப் பற்றி அத்தகைய ஐயமே இல்லை. ஏறக்குறைய நாற்பதாண்டு ஆய்வகப் பணிக்குப் பின் 1880-இல் அவர் மறைந்தார். பள்ளிப் பாடநூல்களில் ராமானுஜனுக்கும் ராமனுக்கும் முன்னால் வரவேண்டிய பெயர் அது.

ஒளித்தரம் என்பதைச் சற்று விளக்க வேண்டும். கண்ணுக்கு நன்றாகத் தெரியும் மீன்கள் முதல் தரம், அரிதில் தெரிபவை ஆறாம் தரம் என்பது பழைய கிரேக்க வழக்கம். எண் கூடினால் ஒளி குறையும். இந்த வழக்கத்துக்குக் கணித வடிவம் தந்தவர் போக்சன். சென்னைக்கு வருமுன் 1856-இல் அதை முன்மொழிந்தார். ஐந்து தரம் வேறுபட்டால் ஒளி சரியாக நூறு மடங்கு வேறுபடும். ஒரு தரத்துக்கு 2.512 மடங்கு. உலகம் முழுவதும் இன்றும் வழங்குவது இந்த அளவுகோல்தான். ஆர் ரெட்டிகுலி உச்சத்தில் சுமார் ஆறரை, அடியில் சுமார் பதினான்கு. ஏழரை தர வேறுபாடு. அதுவே ஆயிரம் மடங்காகிறது.

ஆயிரம் மடங்கு என்றவுடன் அந்த விண்மீன் வெளிவிடும் ஆற்றலே ஆயிரம் மடங்கு குறைகிறது என்று கொள்ளக்கூடாது. மீரா இன மீன்களின் மொத்த ஆற்றல் இரண்டு மூன்று மடங்கு அளவிலேயே மாறுகிறது. மிச்ச மாற்றம் கண்ணுக்குத் தெரியும் ஒளியில் மட்டும் நிகழ்வது. இவற்றின் மேற்பரப்பு வெப்பம் 3,000 கெல்வினை ஒட்டியது, சூரியனுடையதில் பாதி. அந்த வெப்பத்தில் ஒளியின் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பில் போய்விடும். இன்னும் சில நூறு கெல்வின் தணிந்தால், விளிம்புக் காற்றில் டைட்டானியம் ஆக்சைடு மூலக்கூறுகள் திரளும். சூரியனில் அவை நிலைக்க முடியாது, உடைந்துவிடும். இங்கே அவை திரை போட்டதுபோல், எஞ்சியிருக்கும் கண்ணொளியையும் விழுங்கிவிடுகின்றன. மணப்பாடு, பெரியதாழைப் பக்கத்துக் கடற்கரை மணலில் கருநிறமாக மின்னும் இல்மனைட்டில் இருப்பதும் அதே டைட்டானியம்தான். அந்தத் தனிமத்தின் ஆக்சைடு ஒரு விண்மீனையே கண்ணிலிருந்து மறைக்கும் வல்லமை பெறுகிறது.

இப்படி வெப்பம் ஏறி இறங்கக் காரணம், விண்மீனின் வெளியுறை வீங்கிச் சுருங்குவது. பெரிதாக இருக்கும்போது ஒளி கூடும் என்று எண்ணத் தோன்றும். ஏறத்தாழ அதற்கு மாறாகவே நடக்கிறது: வீங்கிக் குளிர்ந்திருக்கும்போது மங்கல், சுருங்கிச் சூடாக இருக்கும்போது வெளிச்சம். உலை கொதிக்கும் பானையின் மூடியை நினைத்துக்கொள்ளலாம். ஆவி சேரச் சேர மூடி எழும்பும். இடுக்கு வழியே ஆவி போனதும் தாழும். மறுபடி ஆவி சேரும். விண்மீனின் வெளியுறையில், ஹைட்ரஜன் அணுக்கள் மின்னணுவை இழந்தும் சேர்த்தும் நிற்கும் ஓர் அடுக்கு இந்த மூடியின் வேலையைச் செய்கிறது. அழுந்தும்போது உள்ளிருந்து வரும் வெப்பத்தைத் தடுத்து வைக்கும். அது உறையை வெளியே தள்ளும். விரிந்தபின் வெப்பத்தைப் போகவிடும். உறை தன் எடையால் திரும்ப விழும். இதே உறையில் கொதிநீர் புரள்வதுபோல் வெப்பச்சலனமும் நடப்பதால், ஒவ்வொரு சுற்றும் அச்சடித்ததுபோல் இருப்பதில்லை. மீராவின் சில உச்சங்கள் இரண்டாம் தரத்தை எட்டும், சில நான்காம் தரத்தோடு நின்றுவிடும். ஏற்றம் விரைவு, இறக்கம் மெதுவு. மீரா உச்சத்துக்கு ஏற நூற்றுப் பத்து நாள் எடுத்துக்கொண்டால், இறங்க அதைப்போல் இருமடங்கு ஆகும்.

இனி அந்த மீனின் வயிறு. சூரியன் போன்ற விண்மீன் தன் வாழ்நாளின் பெரும்பகுதியை மையத்தில் ஹைட்ரஜனை ஹீலியமாக மாற்றிக் கழிக்கிறது. மைய ஹைட்ரஜன் தீர்ந்ததும் உறை விரிந்து செம்பெருமீனாகிறது. பிறகு மையத்தில் ஹீலியம் பற்றும். மூன்று ஹீலியம் அணுக்கருக்கள் சேர்ந்து ஒரு கார்பன் உண்டாகும். அதுவும் தீர்ந்தபின், கார்பனும் ஆக்சிஜனும் செறிந்த கரு நடுவில் கிடக்க, அதைச் சுற்றி ஹீலியம் எரியும் ஓடு, அதற்கு வெளியே ஹைட்ரஜன் எரியும் ஓடு, அதற்கும் வெளியே கோடிக்கணக்கான கிலோமீட்டர் மெலிந்த உறை என்ற நிலை வரும். ஆர் ரெட்டிகுலியும் மீராவும் இந்த நிலையில் உள்ளவை. கரு பூமி அளவே இருக்கும்; உறையோ, சூரியன் இருக்கும் இடத்தில் வைத்தால், பூமியின் பாதையைத் தாண்டிப் பரவும்.

இரண்டு ஓடுகளுக்கும் இடையே அவ்வப்போது ஹீலியம் சட்டென்று பற்றிக்கொள்ளும். அதன்பின் உறையின் புரளல் ஆழம்வரை இறங்கி, உள்ளே உண்டான பொருள்களை மேற்பரப்புக்கு அள்ளி வரும். இதற்கான சான்று 1952-இல் கிடைத்தது. அமெரிக்க வானியலாளர் பால் மெரில், இத்தகைய சில சிவந்த மாறொளி மீன்களின் நிறமாலையில் டெக்னீசியம் என்ற தனிமத்தின் கோடுகளைக் கண்டார். டெக்னீசியத்தில் நிலையான வகையே கிடையாது. மிக நீண்ட ஆயுள் கொண்ட வகையும் சில பத்து லட்சம் ஆண்டுகளில் பாதியாகச் சிதைந்துவிடும். விண்மீன்களின் வயதோ நூற்றுக்கணக்கான கோடி ஆண்டுகள். பிறக்கும்போதே இருந்த டெக்னீசியம் எப்போதோ தீர்ந்துபோயிருக்கும். ஆகவே மெரில் கண்டது அந்த விண்மீன் தனக்குள்ளே அண்மையில் ஆக்கிய பொருள். தனிமங்கள் விண்மீன்களில் சமைகின்றன என்பதற்கு அது நேரடியான சாட்சி.

அப்படிச் சமைந்தது உள்ளேயே தங்கிவிடுவதில்லை. ஒவ்வொரு துடிப்பும் உறையின் விளிம்பை மேலே எற்றுகிறது. அங்கே குளிர்ந்த பொருள் தூசியாகத் திரள்கிறது; தூசியை ஒளி தள்ள, தூசி வாயுவை இழுத்துக்கொண்டு போகிறது. மீரா ஆண்டுக்கு ஏறத்தாழ சூரிய எடையில் கோடியில் ஒரு பங்கை இப்படி இழக்கிறது. முப்பது ஆண்டுகளில் ஒரு பூமியின் எடை. 2007-இல் கேலெக்ஸ் என்ற விண்தொலைநோக்கியின் புற ஊதாப் படங்களில், மீராவுக்குப் பின்னால் 13 ஒளியாண்டு நீளத்துக்கு வால் நீண்டிருப்பது தெரியவந்தது. கடந்த முப்பதாயிரம் ஆண்டுகளில் அது உதிர்த்த பொருள் அந்த வால். நம் உடலில் உள்ள கார்பனில் கணிசமான பகுதி, சூரியன் பிறக்குமுன் வாழ்ந்து முடிந்த இத்தகைய மீன்கள் உதிர்த்தது.

ஸ்ரீவைகுண்டம் நவதிருப்பதிகளில் சூரியனுக்குரிய தலம். சித்திரையிலும் ஐப்பசியிலும் குறித்த காலைகளில் இளவெயில் கள்ளபிரான் சந்நிதி வரை செல்வதை ஊர் அறியும். அந்தச் சூரியனும் ஒருநாள் மீரா இனத்தில் சேரும். அதன் வயது இப்போது சுமார் 460 கோடி ஆண்டு. இன்னும் ஏறக்குறைய 500 கோடி ஆண்டுக்கு மைய ஹைட்ரஜன் போதும். பிறகு அது செம்பெருமீனாக வீங்கும். புதனும் வெள்ளியும் அதற்குள் போய்விடும். பூமி தப்புமா என்பது, சூரியன் அதற்குள் எவ்வளவு எடையை இழந்து தன் பிடியைத் தளர்த்துகிறது என்பதைப் பொறுத்தது. தப்பாது என்றே அண்மைக் கணக்குகள் சாய்கின்றன. கடைசிக் கட்டத்தில் சூரியனும் மாதக்கணக்கில் ஒளி ஏறியிறங்கும் மாறொளி மீனாகத் துடிக்கும். தன் எடையில் பாதிக்கு நெருக்கமாக உதிர்த்தபின், எஞ்சிய கரு வெள்ளைக் குள்ளனாகச் சுருங்கிக் குளிரத் தொடங்கும். ஆர் ரெட்டிகுலியைப் பார்ப்பது சூரியனின் பிற்காலத்தைப் பார்ப்பதற்குச் சமம்.

அதன் அண்டைவீடும் பார்க்கத் தகுந்தது. ஏறத்தாழ ஒரு பாகை வடக்கே, பக்கத்து மண்டலத்தின் எல்லைக்குள், ஆர் டொராடஸ் என்ற இன்னொரு செம்பெருமீன் துடிக்கிறது. அது 180 ஒளியாண்டுத் தொலைவிலேயே இருப்பதால், சூரியனுக்கு அடுத்தபடி வானில் மிகப் பெரிய வட்டமாகத் தோன்றும் விண்மீன் அதுதான். அப்போதும் கண்ணுக்குப் புள்ளியே. சிலியில் உள்ள ஆல்மா வானொலித் தொலைநோக்கித் தொகுதி 2023-இல் எடுத்த அதன் படங்கள் 2024-இல் வெளிவந்தன. மேற்பரப்பில் வாயுக் குமிழிகள் எழுந்து அமிழ்வது அவற்றில் தெரிகிறது. ஒவ்வொரு குமிழியும் சூரியனைப்போல் 75 மடங்கு பெரியது; ஒரு மாத காலத்தில் உருவம் மாறிவிடுகிறது. வெளியுறை கொதிக்கிறது என்று நிறமாலையிலிருந்து ஊகித்து வந்ததை இப்போது படமாகவே பார்க்க முடிகிறது.

ரெட்டிகுலத்துக்குப் பக்கத்திலேயே, இன்னும் தெற்கே, பெரிய மகெல்லன் மேகம் என்ற துணை விண்மீன் பேரடை உள்ளது. அதில் உள்ள மீரா இன மீன்களை அகச்சிவப்பில் அளந்த தென்னாப்பிரிக்க வானியலாளர்கள், சுற்றுக்காலம் நீள நீள உண்மையான ஒளியும் கூடுகிறது என்பதை 1981-இல் தெளிவாக நிறுவினார்கள். நாள்களை எண்ணினால் உண்மையான ஒளி தெரியும். தோன்றும் ஒளியோடு ஒப்பிட்டால் தொலைவு தெரியும். நாளெண்ணும் வேலை இப்படி அண்டத்தின் அளவுகோலாகவும் மாறியது.

நாளெண்ணும் வேலையைப் பெருமளவு செய்து வருபவர்கள் தொழில்முறை வானியலாளர்கள் அல்ல. 1911-இல் அமெரிக்காவில் தொடங்கிய மாறொளி மீன் நோக்கர் சங்கத்துக்கு உலகெங்கும் ஆர்வலர்கள் தம் மதிப்பீடுகளை அனுப்புகிறார்கள். வங்கத்து ஜசோரில் அரசுக் கருவூலத்தில் காசு எண்ணும் வேலையில் இருந்த ராதா கோபிந்த சந்திரர், பல்லாயிரக்கணக்கான மதிப்பீடுகளை அனுப்பியவர். சங்கம் அவருக்கு இரவலாக அனுப்பிய தொலைநோக்கி பின்னர் வைணு பாப்புவின் கைக்கு வந்தது. ஜவ்வாது மலையின் காவலூரில் ஆய்வகம் அமைத்த அதே பாப்பு, இளவயதில் தாமும் மாறொளி மீன்களை நோக்கிக் குறித்தவர்.

ஆர் ரெட்டிகுலியை நோக்க விரும்புகிறவருக்கு வேண்டியது ஏழு மடங்கு அல்லது பத்து மடங்கு பைனாகுலர், ஒரு விண்மீன் வரைபடம், ஒரு நோட்டு. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த மார்கழிக் கடைசியிலும் தை மாதத்திலும், நிலவில்லாத இரவில், தெற்கு அடிவானம் திறந்திருக்கும் இடம் நல்லது. தேரிக்காட்டுச் செம்மணல் மேடுகள் அதற்கு ஏற்றவை. அடிவானத்துக்கு அருகே கடற்காற்றின் ஈரமும் தூசியும் ஒளியை உண்ணும் என்பதால், விண்மீன் உச்சிவட்டத்தில் நிற்கும் வேளையையே தேர்ந்துகொள்ள வேண்டும். பக்கத்தில் தரம் தெரிந்த இரண்டு மீன்களை எடுத்துக்கொண்டு, ஒன்றைவிட எவ்வளவு மங்கல், மற்றொன்றைவிட எவ்வளவு வெளிச்சம் என்று மதிப்பிட்டு, நாளும் நேரமும் எழுத வேண்டும். அங்கே மீன் தெரியாவிட்டால் தெரியவில்லை என்றும், அன்று தெரிந்தவற்றில் மிக மங்கலானது எது என்றும் எழுத வேண்டும், அதுவும் அளவுதான். பத்து நாளுக்கு ஒருமுறை என்று இரண்டு பருவம் எழுதினால் ஏற்றமோ இறக்கமோ கண்ணெதிரே வளைகோடாக விழும். 1867-க்குப் பின் இதுவரை அந்த மீன் இருநூறு முறைக்கு மேல் எழுந்து அடங்கியிருக்கிறது.